கூட வராத காகிதம்

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ரயில்பாதைக் கோரிக்கை ஒவ்வொரு நாடாளுமன்றத் தேர்தலுக்கும் மேடையேறும், வாக்கு எண்ணி முடித்ததும் இறங்கிவிடும். தூரமாகப் போகிறவர்கள் நான்கு ரோட்டில் நின்று பஸ் பிடிக்கிறார்கள், இல்லையென்றால் அரியலூருக்கு வந்து ரயிலேறுகிறார்கள். அரியலூர் ஸ்டேஷனில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தால் யார் எதற்குப் போகிறார்கள் என்று சாமான்களே சொல்லிவிடும். குருவாயூர் எக்ஸ்பிரஸுக்கு நிற்கும் கொத்தனார் செட்டிடம் கரணையும் மட்டப்பலகையும் கோணிக்குள் இருக்கும். துணிமணி ஒரு பெயிண்ட் வாளிக்குள் அடங்கிவிடும். படித்த பையன்கள் முதுகுப்பையோடு நிற்பார்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் குறைவு. அவர்களைச் சுற்றி அரிசி மூட்டை, மிக்ஸிப் பெட்டி, பாய்க்கட்டு எல்லாம் தரையில் கிடக்கும். ஒரு பிளாஸ்டிக் ஃபைல் மட்டும் வீட்டுக்காரம்மாவின் மடியைவிட்டு இறங்காது.

நான் எழுத வந்தது அந்த ஃபைலைப் பற்றி.

நம் தாத்தாக்கள் காலத்தில் மாநிலம் மாறுவது இவ்வளவு பெரிய காரியமில்லை. 1956 நவம்பர் 1 வரை பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. கொள்ளேகால் கோயம்புத்தூர் மாவட்டத்து ஊர். திருச்சி ஜில்லாவுக்குள் கிடந்த அரியலூரிலிருந்து பாலக்காட்டுக்குப் பிழைக்கப் போனவர் ஜில்லா மாறினார், அவ்வளவுதான். மொழிவழி மாநிலங்கள் பிறந்து மூன்று வாரம் கழிந்ததுமே, அதே நவம்பர் 23 விடியற்காலையில், மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றைம்பது பேர் அளவில் செத்தார்கள். லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியை விட்டு விலகினார். அரியலூர் என்ற பெயரை நாடு முழுக்கக் கேட்டது அப்போதுதான். (2007இல் அரியலூர் தனி மாவட்டமானதும் ஒரு நவம்பர் 23தான். அதற்கு முன்பே 2001இல் பிரித்து, 2002இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டிருந்தார்கள். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காமலே மாவட்டம் மாறிய ஜனங்கள் நாங்கள்.)

மொழிவழி மாநிலம் பிழை என்று நான் சொல்ல வரவில்லை. அது வந்ததால்தான் தாலுகா ஆபீசில் தமிழில் மனு எழுத முடிந்தது. ஆனால் அன்று போட்ட கோடு வரைபடத்தில் மட்டும் நிற்கவில்லை. எழுபது ஆண்டுகளில் அது பள்ளிக்கூடத்துக்குள், ரேஷன் கடைக்குள், கல்லூரி கலந்தாய்வுக்குள் எல்லாம் வந்துவிட்டது. எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது, குடும்பத்தோடு அதைத் தாண்ட முயல்கிறவருக்குத்தான் தெரியும்.

என் அண்ணன் மகன் அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலை ஒன்றில் எலெக்ட்ரிகல் மெயின்டனன்ஸில் இருந்தான். டிப்ளமோ படித்தவன். அவனுக்குக் கர்நாடகத்தில், கலபுரகி மாவட்டம் சேடம் தாலுகாவில், இன்னோர் ஆலையில் வேலை கிடைத்தது. சம்பளம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. எங்களூர்ப் பையன் அவ்வளவு வடக்கே எதற்குப் போக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிமெண்ட் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தியா என்பதே சுண்ணாம்புக்கல் கிடக்கும் ஊர்கள்தான். கோவிந்தபுரத்தில் ஆலை நடத்தும் ராம்கோவுக்கு ஆந்திராவில் ஜெயந்திபுரம் இருக்கிறது. அரியலூர் டால்மியாவுக்குக் கடப்பை மாவட்டத்தில் ஜம்மலமடுகு. கீழப்பழுவூர் செட்டிநாட்டுக்குக் கலபுரகியில் கல்லூர், ரெட்டிப்பாளையம் அல்ட்ராடெக்குக்கு அதே கலபுரகியில் மால்கேட். ஒரு கில்னில் கை பழகியவன் எந்தக் கில்னிலும் பிழைத்துக்கொள்வான். எங்கள் பக்கத்துக் கல், டைனோசர் காலத்துக் கடலடிச் சேறு இறுகியது. வயலில் ஏர் ஓட்டினால் சங்கும் சிப்பியும் வரும். கலபுரகிக் கல் அதைவிடப் பல கோடி ஆண்டுகள் மூத்தது. ஆனால் துணியில் படியும் புழுதி ஒன்றுதான்.

சேடம் தாலுகாவில் இருக்கும் அந்த மால்கேட்தான் ராஷ்டிரகூடர்களின் தலைநகரான மான்யகேடம். முதலாம் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி அவன் கைப்பற்றிய ஊர்களில் மண்ணைக்கடக்கம் என்று ஒன்றைச் சொல்கிறது. அது இந்த ஊர்தான் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் துணிபு. தஞ்சாவூரிலிருந்து ராஜ்யத்தையே பெயர்த்துக் கொண்டுவந்து கங்கைகொண்ட சோழபுரத்தில் குடிவைத்தவனும் அவன்தான். கோயில், அரண்மனை, சோழகங்கம் ஏரி என்று எல்லாவற்றையும் புதிதாகச் செய்துகொண்டான். அந்த ஊர் சுமார் 250 ஆண்டுகள் தலைநகராக இருந்தது. இப்போது மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளம் மட்டும் கிடக்கிறது. கோயில் மதிலின் கல்லையும் 1836இல் கீழணை கட்டப் பெயர்த்துப் போய்விட்டார்கள். இந்தக் கதையை அண்ணன் மகனிடம் சொன்னேன்.

"ராஜா போனா ஊரே கூடப் போவும் சித்தப்பா. நாம போனா ரேஷன் கார்டுகூட வராது" என்றான்.

அவன் மெயின்டனன்ஸ்காரன். ஷட்டவுனுக்கு முன்னால் செக்லிஸ்ட் போட்டுப் பழகியவன். மகளுடைய பழைய கட்டுரை நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் போகும் வேலைக்கும் ஒரு செக்லிஸ்ட் போட்டான். அந்த நோட்டை நான் பலமுறை புரட்டியிருக்கிறேன். நம் நாடு எதையெதையெல்லாம் எடுத்துப்போக விடுகிறது என்று அதைப் பார்த்தாலே தெரியும்.

பணத்தோடு சம்பந்தப்பட்டதெல்லாம் சுலபமாக நகர்கிறது. செல்போன் எண் 2015 ஜூலையிலிருந்து எந்த மாநிலத்துக்கும் கூட வருகிறது. பி.எஃப். கணக்குக்கு ஒரே எண். வங்கிக் கணக்கைப் பற்றிக் கவலையே இல்லை. கேஸ் இணைப்பைக் கொஞ்சம் அலைந்தால் மாற்றிக்கொள்ளலாம். வாக்காளர் பட்டியலில் இடம் மாற்றப் படிவம் 8. பைக்கில்தான் முதல் சிக்கல். டி.என். 61 என்று தொடங்கும் வண்டி வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஓடினால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கு இங்கே படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி. வாங்க வேண்டும், அங்கே மறுபடி வரி கட்ட வேண்டும், இங்கே ஆயுளுக்கும் கட்டிய வரியில் மிச்சத்தைத் திருப்பிக் கேட்டு மனுப் போட வேண்டும். அப்படி மனுப் போட்டுப் பணம் வாங்கிய ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை; எங்காவது இருக்கலாம். வண்டியை மச்சானிடம் விட்டுவிடுவது என்று முடிவாயிற்று.

அண்ணியின் பட்டியல் வேறு. ஆடியிலும் மார்கழியிலும் குடிபோகக் கூடாது. புது வீட்டுக்குள் முதலில் போக வேண்டியது விளக்கும் உப்பும் மஞ்சளும் ஒரு குடம் தண்ணீரும். பால் பொங்கும்போது கிழக்கே பார்த்து வழிய வேண்டும். இதையெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே வந்தபோது, இந்தக் குடும்பம் இதுவரை குடிமாறிய தூரம் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரைக்கும்தான் என்பது எனக்கு நினைவுக்கு வந்தது. ரேஷன் விஷயத்தில் மட்டும் அவர் கறாராக இருந்தார்.

"கார்டு எங்கிட்டயே கெடக்கட்டும். பேரு எடுத்துட்டா திரும்பச் சேக்கறதுக்குள்ள உசுரு போயிரும்."

அண்ணிக்குச் சட்டம் தெரியாது, ஆனால் சரியாகத்தான் சொன்னார். 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. முன்னுரிமை அட்டைக்காரர் வெளிமாநிலத்தில் தானியம் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பருப்பும் பாமாயிலும் நம் மாநிலம் தன் செலவில் தருவது. அவை ஓசூரைத் தாண்டாது. எங்கள் பக்கத்தில் வெளிமாநிலம் போன பல வீடுகளில் கார்டும் ஓட்டும் ஊரிலேயே இருக்கின்றன. காதுகுத்துக்கும் பொங்கலுக்கும் தேர்தலுக்கும் வருகிறார்கள். திரும்பி வருவதற்கு வழி வைத்துக்கொண்டுதான் எங்கள் ஆட்கள் எங்கும் போகிறார்கள். 2025 நவம்பரில் வீடுவீடாகப் படிவம் கொடுத்து வாக்காளர் பட்டியலைத் திருத்தியபோது இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. பதறிப்போய்ப் பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் ஊருக்குப் போன் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

நோட்டில் எல்லாவற்றுக்கும் டிக் விழுந்த பிறகு இரண்டு வரிகள் மிச்சமிருந்தன. "பாப்பா படிப்பும் கம்யூனிட்டியும்தான் நிக்கிது சித்தப்பா."

பாப்பா அரசுப் பெண்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு, தமிழ் மீடியம். ஒவ்வொரு மாநிலமும் தன் மொழிக்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறது. தமிழ்நாடு 2006இல் தமிழ் கற்கும் சட்டம் போட்டது. கர்நாடகம் 2015இல் கன்னடத்துக்கு, கேரளம் 2017இல் மலையாளத்துக்கு, தெலங்கானா 2018இல் தெலுங்குக்கு. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயம். நடுவகுப்பில் எல்லை தாண்டும் குழந்தை மட்டும் இவை எல்லாவற்றுக்கும் வெளியே நிற்கும். "அங்க போயி பாப்பா மறுபடியும் அனா ஆவன்னாவுலேர்ந்தா ஆரம்பிக்கணும், மாமா?" என்று மருமகள் கேட்டாள். பன்னிரண்டு வயதுப் பெண் இன்னோர் எழுத்தைக் கற்றுக்கொள்வாள், குழந்தைகளால் முடியும். கலபுரகியில் கன்னடத்தோடு தக்கனி உருதும் தெலுங்கும் கலந்து புழங்கும், அதுகூட ஒரு செல்வம்தான் என்று நான் பேசிப் பார்த்தேன். மருமகளின் கணக்கு வேறாக இருந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு. 2020இல் வந்த சட்டம் அது. புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய்க்கும் அதே ஆறு முதல் பன்னிரண்டு. இடையில் ஒரு வருடம் கலபுரகியில் படித்தாலும் சங்கிலி அறுந்துபோகும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காகச் செய்த மிக நல்ல காரியங்கள் இவை. அவை நல்லவை என்பதாலேயே இழக்கவும் மனம் வருவதில்லை.

இனி சாதிச் சான்றிதழ்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகத் தாசில்தார் கையெழுத்துப் பெற்ற காகிதம் நிலப்பட்டா இல்லை, சாதிச் சான்றிதழ்தான். இந்து ஆதிதிராவிடர் என்று எழுதிய அந்தத் தாளை வைத்து அண்ணன் ஹாஸ்டலில் சேர்ந்தான், அவன் மகன் பாலிடெக்னிக் போனான். பெரம்பலூர் மாவட்ட மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவானவர்கள் பட்டியல் சாதியினர். அந்தத் தாளை லேமினேட் செய்து பத்திரப்படுத்தாத வீடு எங்கள் பக்கம் இருக்காது. ஃபைலில் மேலாக இருப்பது அதுதான்.

கர்நாடகத்தின் பட்டியலிலும் ஆதிதிராவிடர் என்ற பெயர் இருக்கிறது. ஆனாலும் தமிழ்நாட்டு ஆதிதிராவிடர் அங்கே குடியேறினால் அந்த மாநிலத்தின் கல்லூரி இடத்துக்கோ வேலைக்கோ பட்டியல் சாதியினராக எண்ணப்பட மாட்டார். அரசியல் சாசனத்தின் 341ஆம் பிரிவு, சாதிகளின் பட்டியலை அந்தந்த மாநிலத்தைப் பொறுத்துத்தான் வகுக்கச் சொல்கிறது. 1990இல் உச்ச நீதிமன்றத்துக்கு மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கு வந்தது. ஆந்திரத்தில் பழங்குடியாகப் பட்டியலிடப்பட்ட சமூகத்தில், தெனாலியில் பிறந்து, தந்தையின் வேலையால் சிறுவயதிலேயே மும்பைக்கு வந்து படித்த மாணவர் அவர். மகாராஷ்டிரத்தில் மருத்துவ இடம் கேட்டபோது, நீ இங்கே பழங்குடி இல்லை என்றார்கள். அரசியல் சாசன அமர்வும் அதையே உறுதிசெய்தது. 1994இல் இன்னோர் அமர்வு, இரண்டு மாநிலப் பட்டியலிலும் ஒரே பெயர் இருந்தால்கூடச் செல்லாது என்றது. 2018இல் டெல்லி ஜல் போர்டு வழக்கிலும் இதே நிலைதான் நின்றது. மத்திய அரசு வேலைக்கும் மத்தியக் கல்வி நிறுவனங்களுக்கும் மட்டும் இந்தச் சான்றிதழ் நாடெங்கும் செல்லும். மற்றதற்கெல்லாம் அதன் ஆட்சி சொந்த மாநில எல்லையோடு முடிந்துவிடுகிறது.

நீதிமன்றம் சொன்ன காரணம் அலட்சியமானதல்ல. ஒரு சாதி ஓரிடத்தில் ஒடுக்கப்பட்டிருப்பது அந்த இடத்தின் சமூக நிலைமையைச் சார்ந்தது. இன்னோர் இடத்தில் அதே ஒடுக்குமுறை இருக்கும் என்று கொள்ள முடியாது என்பது அதன் வாதம். வெளியிலிருந்து வசதியோடு வருகிறவர் உள்ளூர் ஏழைத் தலித்தின் இடத்தை எடுத்துக்கொள்வாரே என்ற அச்சமும் அதனோடு சேர்ந்தது. அந்த அச்சத்தில் உண்மை இருக்கிறது. கலபுரகி பின்தங்கிய பகுதி. உள்ளூர் மக்களுக்குத் தனி ஒதுக்கீடு தர 2012இல் அரசியல் சாசனத்தையே திருத்த வேண்டியிருந்தது. அங்கத்திய தலித் பிள்ளையின் இடத்தில் என் பேத்தி உட்கார வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் முதல் வாதத்தை, அதாவது இடம் மாறினால் ஒடுக்குமுறையும் மாறிவிடும் என்பதை, நான் ஏற்க மாட்டேன். காரணம் ஒரு போன் கால்.

சேடத்தில் வீடு பார்க்க அங்கே முன்பே போயிருந்த விருத்தாசலத்துக்காரர் ஒருவர் உதவினார். இரண்டு ரூம், ஹால், போர் தண்ணீர், ஆலைக்குப் பக்கம். வாடகை பேசி முடித்து அட்வான்ஸ் அனுப்பும் நேரத்தில் அவர் போனில் தயங்கினார். வீட்டுக்காரர் முதலில் கறி சமைப்பீர்களா என்று கேட்டாராம். சமைப்போம் என்றதும் பரவாயில்லை என்றாராம். பிறகு, "ஒண்ணுமில்ல தம்பி, நீங்க என்னா ஆளுங்கன்னு கேக்குறாரு."

ஸ்பீக்கரில் போட்டிருந்தான். கூடத்தில் எல்லோரும் இருந்தோம். அண்ணி எழுந்து அடுப்படிக்குப் போனார்.

எந்தச் சாதி என்று கர்நாடகத்தில் கல்லூரிக்குத் தெரிய வேண்டாம், வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டும். சான்றிதழை எல்லையில் நிறுத்திவிட்டுச் சாதியை மட்டும் உள்ளே விடும் ஏற்பாடு இது. இந்தியாவின் எந்தப் பகுதிக்கும் போகவும் எங்கும் குடியிருக்கவும் 19ஆம் பிரிவு உரிமை தருகிறது. அந்த உரிமையோடு போய் இறங்கும் ஊரில், நம்மைச் சமமாக்கிய காகிதம் செல்லாமல் போகிறது. நம்மைத் தாழ்த்திய கேள்வி மட்டும் காத்திருக்கிறது. கிராமத்தை விட்டு வெளியேறச் சொன்னவர் அம்பேத்கர். அவர் எழுதிய சாசனத்தின் ஒரு பிரிவே வெளியேறியவரின் கையைக் கட்டும் என்று நினைத்திருப்பாரா என்று சில இரவுகளில் யோசித்திருக்கிறேன்.

பட்டியல் சாதியினரின் கதை மட்டுமில்லை இது. எம்.பி.சி. என்பது நம்மூர்ப் பிரிவு. கர்நாடகத்தில் 1, 2ஏ, 2பி, 3ஏ, 3பி என்று வேறு கணக்கு. உலக வங்கி ஆய்வாளர்கள் 2017இல் ஒன்றைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். பக்கத்துப் பக்கத்து மாவட்டங்கள் இரண்டும் ஒரே மாநிலத்தில் இருந்தால், நடுவில் மாநில எல்லை ஓடும் மாவட்டங்களைவிட அவற்றுக்கிடையே குறைந்தது 50 விழுக்காடு அதிகமாக மக்கள் இடம்பெயர்கிறார்கள். தூரமும் மொழியும் இதற்கு முழுக் காரணமில்லை. ரேஷன், கல்லூரி இடம், மாநில அரசு வேலை ஆகியவை எல்லையில் நின்றுவிடுவதுதான் காரணம் என்றார்கள். நோட்டைப் படித்திருந்த எனக்கு அது புதிதாக இல்லை.

கரைவெட்டி ஏரிக்கு ஒவ்வொரு குளிர்காலத்திலும் இமயத்தைத் தாண்டி வரும் வாத்துகளை இந்த இடத்தில் உவமை சொல்ல ஆசை வரும். வேண்டாம். வாத்தை யாரும் என்ன ஆளுங்க என்று கேட்பதில்லை.

செக்லிஸ்ட் போட நேரமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். கேரளக் கட்டட வேலைக்குப் போகும் கொத்தனார்களும் சித்தாள்களும் மேஸ்திரி போன் போட்ட மறுநாளே கிளம்பிவிடுவார்கள். ஒரு காலத்தில் கேரளத்துக் கட்டட வேலை என்றால் தமிழர்கள்தான். பிறகு வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். 2013இல் குலாட்டி நிறுவனம் எடுத்த கணக்கில் கேரளத்தில் வெளிமாநிலத் தொழிலாளர் 25 லட்சம். இவர்களைப் போன்றவர்களுக்காக 1979இலேயே ஒரு சட்டம் இருந்தது. ஒப்பந்தக்காரர் மாநிலம் விட்டு மாநிலம் கூட்டிப்போனால், மாதக் கூலியில் பாதியை இடப்பெயர்ச்சிப் படியாகத் தனியே கொடுக்க வேண்டும், போகவர வழிச்செலவும் கொடுக்க வேண்டும் என்றது. எங்கள் பக்கத்தில் அந்தப் படியைக் கண்ணால் கண்டவர் யாரையும் எனக்குத் தெரியாது. 2025 நவம்பர் 21இல் புதிய தொழிலாளர் தொகுப்பு நடைமுறைக்கு வந்தபோது அந்தப் படி சட்டத்திலிருந்தும் போய்விட்டது. ஊர் போய்வர வழிச்செலவு மட்டும் மிச்சம். கொடுக்காததை எடுத்ததில் யாருக்கும் சத்தம் கேட்கவில்லை.

அதே நேரத்தில் அரியலூருக்கு இறங்கி வருகிறவர்களையும் பார்க்க வேண்டும். ஆலைகளிலும் கட்டட வேலைகளிலும் ஒடிசாக்காரர்களும் பிகார்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களில் தலித்துகள் உண்டு. அவர்கள் சான்றிதழும் நம் தாலுகா ஆபீசில் வெறும் தாள்தான். நம்முடைய 69 விழுக்காட்டுக்குள் அவர்கள் பிள்ளைகளுக்கு இடமில்லை. "என்னா ஆளுங்க" என்று நம் வீட்டுக்காரர்கள் அவர்களைக் கேட்பதில்லை என்றால், இந்தி தெரியாததால்தான். கர்நாடகத்தை மட்டும் குற்றம் சொல்லி நான் தப்பிக்க முடியாது.

கிளம்புவதற்கு முன்னால் மருமகள் சிறுவாச்சூருக்குப் போய் மாவிளக்குப் போட வேண்டும் என்றாள். திங்கட்கிழமை. மதுரகாளியம்மன் கோயில் வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். அரிசியைக் கோயிலிலேயே உரலில் இடித்துத்தான் அங்கே மாவிளக்கு. பக்கத்து உரல்களில் மும்பையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த குடும்பங்கள் இடித்துக்கொண்டிருந்தன; எப்போதோ ஊரை விட்டுப் போன வீடுகள், தெய்வத்தை மட்டும் மாற்றிக்கொள்ளாதவை. அந்தக் கோயிலின் கதை இந்த விஷயத்தில் ஒரு தீர்ப்பு மாதிரி. அங்கே முதலில் இருந்தவள் செல்லியம்மன். மதுரையிலிருந்து வந்த காளி ஓரிரவு தங்க இடம் கேட்டாள். செல்லியை ஆட்டிவைத்த மந்திரவாதியை அவள் அழிக்கவும், செல்லி அவளையே அங்கே இருக்கச் சொல்லித் தன் இடத்தைக் கொடுத்துவிட்டு மலைக்குப் போய்விட்டாள். இன்றும் தீபாராதனையை முதலில் செல்லியம்மன் இருக்கும் மலையின் பக்கம் காட்டிவிட்டுத்தான் மதுரகாளிக்குக் காட்டுகிறார்கள். வந்தவளுக்கு இடம் கிடைத்தது, இருந்தவளுக்கு மரியாதை போகவில்லை. யாரும் யாருடைய பட்டியலிலிருந்தும் பெயர் எடுக்கவில்லை.

சட்டத்தாலும் இப்படிச் செய்ய முடியும், பெரிய புத்திசாலித்தனம் எதுவும் தேவையில்லை. வேலைக்காகக் குடிபெயர்ந்த பட்டியல் சாதிக் குடும்பத்துப் பிள்ளைக்கு, உள்ளூர் ஒதுக்கீட்டில் கை வைக்காமல், கூடுதல் இடமாகச் சில இடங்களை உருவாக்கலாம். அதற்கு ஆகும் செலவை மத்திய அரசு ஏற்கலாம். நம் மாநிலம் தன் பங்குக்கு ஒன்று செய்யலாம்: வெளிமாநில அரசுப் பள்ளியில் படித்த ஆண்டுகளையும், தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்து முடிக்கும் பிள்ளைக்கு, அந்த ஆறு முதல் பன்னிரண்டுக்குள் எண்ணலாம். பெற்றோரின் வேலை மாறியதற்கான காகிதத்தைக் காட்டச் சொல்லலாம். காகிதம் வைத்துக்கொள்வதில் எங்களை மிஞ்ச ஆளில்லை.

அண்ணன் மகன் போய்விட்டான், தனியாக. வேறொரு வீட்டுக்காரர் கேள்வி கேட்காமல் அறை கொடுத்தார். பேச்சிலர் அறைக்குப் பெரிதாகக் கேட்பதில்லை போலும். மருமகளும் பாப்பாவும் இங்கேயே இருக்கிறார்கள். முழுக் குடும்பமும் மாநிலம் மாற இவ்வளவு ஒழுங்காகத் திட்டம் போட்டதன் முடிவு, குடும்பம் இரண்டு மாநிலத்தில் இருப்பது. சரியான முடிவா என்றால், இருக்கிற சட்டத்துக்கு அதுதான் சரியான முடிவு. பாப்பா பிளஸ் டூ முடிக்க 2031 ஆகும். அதுவரை இரண்டு வாடகை, இரண்டு கேஸ், வருடத்துக்கு நான்கு முறை வாடி ஜங்ஷன் வழியாக ரயில்.

1990 தீர்ப்பைக் கடைசி வரை படிக்கிறவர்கள் குறைவு. வேலையின் பொருட்டு நேர்மையாகக் குடிபெயர்கிறவர்களுக்கு இதனால் கஷ்டம் வரும், அதை நாடாளுமன்றமும் சட்டமன்றங்களும் கருத்தில் கொண்டு தக்க சட்டம் செய்யலாம் என்று அந்த நீதிபதிகளே எழுதிவைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு சட்டத்தை இதுவரை எந்த அரசும் கொண்டுவரவில்லை. எங்கள் இரண்டு மாவட்டங்களும் பெரம்பலூர், சிதம்பரம் என்று இரண்டு நாடாளுமன்றத் தொகுதிகளில் பிரிந்து கிடக்கின்றன. சிதம்பரம் தனித் தொகுதி. அடுத்த முறை வாக்குக் கேட்டு வருகிறவரிடம், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், அந்தப் பத்தியைப் படித்தீர்களா என்று கேளுங்கள்.